முகர்ந்தார் வாடும் மணம்

நறுமணத்தை வெறுக்கும் மாந்தர் மிக அரியர். நமது வாழ்விலே சந்தனமும் மலரும் புகையும் இடம்பெறாத மங்கல வினை ஒன்றேனும் உண்டோ? சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையிலே, மாதவி தன் கூந்தலை நறுநீரில் ஆட்டிய செய்தியை இளங்கோவடிகள் கூறுகின்றார். அந்நீரில் ஊறியவை துவர் 10, விரை 5, ஓமாலிகை 32. ஆக 47 பொருள்கள். இன்றைய சிறு குப்பி ஒன்றிலோ நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் அடங்கியிருத்தலும் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன்னர், பண்டித வகுப்பிலே இப்பகுதியை நான் விரித்துரைத்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த மாணவி ஒருவர் இடைவிடாது இருமினார். பின்பு எழுந்து வெளியே சென்றார். எனக்குச் சினம் மூண்டது. திரும்பி வந்தவரை, பாடத்தில் மனங்கொள்ளாதவர் வகுப்புக்கு வரவேண்டியதில்லை என்று பலர் முன்னிலையிற் கடிந்துகொண்டேன். வகுப்பு முடிந்தபின் அவர் தயங்கி நின்று, “ஐயா, பாடத்திலே குறையில்லை. எனக்குத் தொய்வு உண்டு. ஐயா பூசியிருக்கும் அத்தர் மூச்சை அடைக்கிறது” என்றார். மணம் மூச்சை அடைக்குமோ என்று நான் நகைத்தேன். அவர் மறுமொழி கூறவில்லை. அன்று தொடங்கி ஆண்டு முடியும்வரை பின்வரிசையிலே, சாளரத்தின் அருகே அமர்ந்திருந்தார்.

காலம் எனக்கும் பாடம் கற்பித்தது. காதின் பின்புறத்திலும் கழுத்திலும், நாள்தோறும் நான் அத்தர் தொட்டு வைக்கும் இடங்களிலே, தினவெடுத்துத் தோல் சிவந்து வெடித்தது. வெயில் என்றேன், வியர்வை என்றேன், உணவு என்றேன். மணத்தை மட்டும் ஐயுற மனம் ஒருப்படவில்லை. முடிவில், தோல் வைத்தியர் ஒருவர் பல பொருள்களைச் சிற்றளவாக என் முதுகிலே ஒட்டினார். 2 நாள்கள் கழித்து அவற்றை நீக்கினார். பின்னும் இரண்டொரு நாள் பொறுத்துப் பார்த்தார். மணப்பொருட் கலவை ஒட்டிய இடம் சிவந்து தடித்திருந்தது. அக்கலவையிலுள்ள 8 பொருள்களுள் கறுவாவின் மணத்துக்குக் காரணமானதும், கராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினோலும் உள்ளன என அறிந்தபோது வியப்புற்றேன். இயற்கையில் விளைந்தது தீங்கு செய்யாது என்ற என் நம்பிக்கை அன்றே தகர்ந்தது. றோசாவின் தைலத்திலும் மல்லிகையின் சாரத்திலும் இத்தகைய பொருள்கள் இயல்பாகவே உள்ளன.

மணம் பொறாமை இருவகைப்படும் என்பதை வாசகர் அறிதல் நன்று. ஒன்று ஒவ்வாமை. உடலின் காப்பு முறை ஒரு பொருளைப் பகையென்று கருதிவிட்டால், அது தோலிற் படுந்தோறும் ஓரிரு நாளில் அழற்சி தோன்றும். பல்லாண்டு பழகிய பொருளும் இவ்வாறு பகையாதல் கூடும். பகையானபின் பெரும்பாலும் ஆயுள்வரை அது நீங்காது. மற்றையது உறுத்தல். தொய்வுள்ளவர்க்கு மூச்சிறுக்கத்தையும், ஒற்றைத் தலைவலியுள்ளவர்க்குத் தலைநோவையும் மணம் உடனே தூண்டிவிடும். இதனை முதுகில் ஒட்டும் சோதனை காட்டாது. காட்டாமையால் நோய் பொய்யாகிவிடுமோ?

அவ்வாறாயின் மணத்தை முற்றாகத் துறத்தல் வேண்டுமா? எனக்கும் இந்த ஏக்கம் இருந்தது. ஒவ்வாமை உறுதிப்பட்டவர் அப்பொருளைத் தோலிற் படவிடாது விலக்குவதே வழி. ஆடையிற் பூசுதல் சிலர்க்கு உதவும். எனினும் ஆடையும் தோலைத் தொடும், ஆவியும் காற்றிற் பரவும் ஆதலின் அது முழுக் காவலன்று. சவர்க்காரம், தலையெண்ணெய், சலவைத்தூள் ஆகியவற்றிலும் அதே பொருள் மறைந்திருக்கலாம். ‘மணமற்றது’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்புதல் ஆகாது. மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க வேறொரு மணப்பொருளைச் சேர்த்து, அதனை மணமற்றது என விற்பதும் உண்டு. ‘மணப்பொருள் சேர்க்கப்படாதது’ என்பதே நாம் தேடவேண்டிய தொடர்.

பழைய குப்பிகளைப் பேணி வைப்போர்க்கும் ஒரு சொல். தோடம்பழத் தோலின் மணத்துக்குரிய லிமோனீனும், லவெண்டர் மலரிலுள்ள லினலூலும் காற்றுப்பட்டு மாற்றமடைந்தபின்னரே ஒவ்வாமையை மிகுதியாக உண்டாக்குகின்றன. ஆகவே சிறு குப்பியாக வாங்கி, இறுக மூடி, வெயில் படாது வைத்து, விரைவில் முடித்துவிடுதல் நலம்.

‘பேர்பியூம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அனைத்தையும் அடக்கிவிடும் வழக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஓரளவு மாற்றியது. 26 மணப்பொருள்கள், தோலில் தங்கும் பூச்சுகளில் நூற்றுக்கு 0.001 பங்குக்கு மேலும், கழுவிவிடுவனவற்றில் 0.01 பங்குக்கு மேலும் இருப்பின், அவற்றின் பெயர் குறிக்கப்படல் வேண்டும் என்றது அச்சட்டம். 2023இல் இப்பட்டியல் 80க்கும் மேற்பட்டதாக விரிந்தது. லைரல் என்னும் மணப்பொருள் ஒவ்வாமையைப் பெருக்கியமையால், 2021 ஓகஸ்ட் தொடங்கி அங்கு விற்பனைக்கே விலக்கப்பட்டது. பெயர் தெரிந்தாலன்றோ பகையை விலக்கலாம்?

இவையெல்லாம் தன்னைக் காக்கும் வழிகள். பிறரைக் காக்கும் வழி யாது? வகுப்பறை, பேருந்து, வைத்தியசாலை முதலியன பலர் ஒரு காற்றைப் பகிரும் இடங்கள். நான் பூசும் மணத்தைப் பூசாது விட எனக்கு உரிமையுண்டு. என் அருகிருப்பவர்க்கோ அதனை முகராது விடும் உரிமை இல்லை. முகர்ந்தால் வாடும் அனிச்சத்தை வள்ளுவர் விருந்தினர்க்கு உவமையாக எடுத்து, முகம் வேறுபட்டு நோக்கினாலே விருந்தினர் வாடுவர் என்றார். இக்குறளைப் பல்லாண்டு கற்பித்த நான், முகர்ந்தமையால் வாடிய ஓர் உயிரை என் முன்னே வைத்துக்கொண்டு முகமும் வேறுபட்டு நோக்கினேன். உரை தெரிந்திருந்தது, பொருள் தெரியவில்லை.

அம்மாணவி இன்று ஆசிரியை. அண்மையில் ஒரு மணவீட்டு வாயிலில் அவரைக் கண்டேன். பன்னீர்ச் செம்பு ஏந்திய சிறுமி அவரை நோக்கிக் கை உயர்த்தினாள். “இவவுக்கு வேண்டாம் பிள்ளை, எனக்கும் வேண்டாம்” என்று தடுத்தேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். அன்று கடிந்தது என் பிழை என்று, அவ்வாயிலில் நின்றே கூறினேன். “ஐயா அதை இன்னும் மறக்கவில்லையோ?” என்று கேட்டுச் சிரித்தார். இருவரும் காற்றோட்டமான இடமாகப் பார்த்து அமர்ந்தோம்.