பசுவின் வயிறு முறுக்கிக்கொண்டால்...

கன்று ஈன்று இரண்டு மூன்று வாரமே ஆன கலப்பினப் பசு, நேற்று வரை நன்றாகக் கறந்தது. இன்று தீவனத்தில் வாய் வைக்க மறுக்கிறது. பாலும் திடீரெனக் குறைந்துவிட்டது. சாதாரண வயிற்று உப்புசம் என்று எண்ணி, எண்ணெய் புகட்டிவிட்டுக் காத்திருப்பவர் பலர். வயிறு முறுக்கிக்கொள்வது அரிதாக வரும் நோய்தான். ஆனால், வந்துவிட்டால் அந்தக் காத்திருப்பே மாட்டின் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

முறுக்குவது ஏன்?

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உள்ளன. இடப்பக்கத்தை அடைத்துக்கொண்டிருப்பது பெருவயிறு. நான்காவது அறையான உண்மை வயிறு, வலப்பக்கம் அடிவயிற்றில் இருக்கிறது. கன்று வெளிவந்ததும் உள்ளே இடம் காலியாகிறது. அச்சமயம் பாலுக்காகக் கலப்புத் தீவனத்தைத் திடீரெனக் கூட்டி, வைக்கோலைக் குறைத்தால், உண்மை வயிற்றில் வாயு சேரும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் வயிற்றின் அசைவும் தளரும். வாயு நிறைந்த வயிறு மேலே எழும்பி, சில மாடுகளில் முறுக்கிக்கொள்ளும். அப்போது உணவு செல்லும் வழி அடைபடும். இரத்த ஓட்டமும் தடைப்படும்.

அறிகுறிகள்

சாதாரண உப்புசத்தில் மாட்டின் இடப்பக்கம் உப்பும். முறுக்கத்தில் வலப்பக்கம் புடைக்கும். சாணம் மிகக் குறைந்து, கருத்துக் காணும். கண்கள் குழி விழும்; காதுகள் குளிர்ந்துவிடும். மருத்துவர் வலது விலாவில் விரலால் சுண்டி, குழாய் வைத்துக் கேட்டால், வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியது போன்ற ஓசை எழும்.

செய்ய வேண்டியது

எண்ணெயோ கஷாயமோ முறுக்கை அவிழ்க்காது. தளர்ந்த மாட்டுக்குப் புகட்டினால் நுரையீரலில் இறங்கிவிடக்கூடும். வலப்பக்கம் ஊசி குத்திக் காற்றை எடுக்க முயல்வதும் கூடாது. அறுவைச் சிகிச்சையே வழி. மாட்டை நிற்க வைத்து, விலாவை மரத்துப்போகச் செய்து, முறுக்கை நீக்கி, வயிறு மீண்டும் நகராதபடி தைத்துவிடுவர். முறுக்கு முற்றினால் ஓரிரு நாளிலேயே மாடு இறந்துவிடலாம். ஆகவே, உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும்.

தடுக்கும் முறை

கலப்புத் தீவனத்தைக் கன்று ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே சிறிது சிறிதாகக் கூட்டிவர வேண்டும். வைக்கோல், சோளத்தட்டை போன்ற நார்த்தீவனம் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும். பால் காய்ச்சல், கருப்பைப் புண், மடிநோய் கண்டால் உடனே கவனிக்க வேண்டும். ஈன்ற முதல் மாதம் முழுவதும், காலையில் பால் கறக்க உட்காரும் முன் மாட்டின் இரு விலாக்களையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.