டில்லியில் வாங்கிய பொருளுக்குத் திண்டுக்கல்லில் வழக்குப் போடலாம்

பள்ளி விடுமுறைக்கு வடக்கே போய்வருகிறவர்களிடம் ஒரே மாதிரியான புலம்பலைத்தான் கேட்க முடிகிறது. அசல் பஷ்மினா என்று வாங்கிய சால்வை முதல் துவைப்பிலேயே சாயம் போய்விட்டது. சீல் வைத்த பெட்டியில் வாங்கிய போன் சார்ஜ் ஏறவில்லை. பார்சலில் அனுப்புகிறோம் என்ற கம்பளம் வந்து சேர்ந்தது, ஆனால் கடையில் விரித்துக் காட்டியது அதுவல்ல. புகார் கொடுத்தீர்களா என்றால் பதிலும் ஒன்றேதான்: "அதுக்காக டில்லிக்கு யார் சார் அலையறது?"

அலைய வேண்டியதே இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 34-இன்படி, புகார்தாரர் எங்கே குடியிருக்கிறாரோ அந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். டில்லி கரோல் பாக் கடைக்காரர் திண்டுக்கல் ஆணையத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2020 ஜூலையிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. படித்து வேலையில் இருப்பவர்களுக்கே இன்னும் தெரியவில்லை. நுகர்வோரே விழித்திருங்கள் என்று விளம்பரம் கொடுத்தால் மட்டும் போதுமா? விழித்தவன் எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று யார் சொல்வது?

அந்த வாசலுக்குப் போகக் கையில் பில் வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் ஏமாந்து வருகிறவர்களில் பெரும்பாலோரிடம் இல்லாதது அதுதான்.

முதலில், எங்கே வாங்குவது என்று பார்த்துவிடுவோம். நீங்கள் தேடிப் போகும் கடை வேறு, டிரைவர் கொண்டுபோய் இறக்கும் கடை வேறு. "கவர்ன்மென்ட் எம்போரியம், அஞ்சு நிமிஷம் பாத்துட்டு வாங்க, வாங்கணும்னு இல்ல" என்று அரைகுறை இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்லி ஓரங்கட்டுவார்கள். அவருக்குக் கமிஷன் உண்டு. அது உங்கள் விலையில்தான் ஏறும். நீங்கள் பேர் சொல்லிக் கேட்ட கடை இன்று மூடியிருக்கிறது என்பார்கள். நம்பாதீர்கள். இறங்கி நேரில் பாருங்கள், அல்லது மெட்ரோவில் போய்விடுங்கள். சாந்தினி சவுக், கரோல் பாக், ஜன்பத், சரோஜினி நகர், ஐ.என்.ஏ. எல்லாவற்றுக்கும் அந்தந்தப் பெயரிலேயே நிலையம் இருக்கிறது.

உண்மையான அரசு விற்பனை நிலையம் எது? ஜன்பத் சாலையில் மத்திய அரசின் சென்ட்ரல் காட்டேஜ் இண்டஸ்ட்ரீஸ் எம்போரியம். கனாட் பிளேஸை ஒட்டிய பாபா கடக் சிங் மார்கில் மாநில அரசுகளின் எம்போரியங்கள் வரிசையாக இருக்கின்றன. நம் பூம்புகாரும் அங்கே உண்டு. இங்கெல்லாம் விலை எழுதியிருக்கும், பேரம் கிடையாது, கேட்காமலே பில் வரும். கைவினைஞர்களிடமே வாங்க வேண்டுமென்றால் ஐ.என்.ஏ.வில் உள்ள டில்லி ஹாட். 1994இல் தொடங்கியது, நுழைவுக் கட்டணம் உண்டு, கடைகள் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே வாங்கினால் விற்பவரின் ஊரும் போன் எண்ணும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அதே ஸ்டாலில் வேறொருவர் இருப்பார்.

"காட்டேஜ்", "எம்போரியம்", "கவர்ன்மென்ட் அப்ரூவ்டு" என்று பலகை மாட்டியிருப்பதெல்லாம் அரசுக் கடை அல்ல. அரசின் ஆதரவு இருப்பதுபோல் தோன்றும் பெயரை வியாபாரத்துக்கு அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று 1950லேயே சின்னங்கள், பெயர்கள் தவறான பயன்பாட்டுத் தடைச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் எழுபது வயதைத் தாண்டிவிட்டது, பலகைகள் மட்டும் அப்படியே தொங்குகின்றன. தலைநகரில், அமைச்சகங்களிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடப்பதுகூடவா அதிகாரிகள் கண்ணில் படவில்லை?

சந்தைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய டில்லியில் வெள்ளிக்கு தரீபா கலான், சரிகை, லேஸ், கல்யாணச் சாமான்களுக்கு கினாரி பஜார், மசாலாவுக்கும் உலர் பழங்களுக்கும் காரி பாவ்லி. அந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். கரோல் பாக், சரோஜினி நகர் திங்கட்கிழமை விடுமுறை. சரோஜினி நகரில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் துணி கொட்டிக் கிடக்கும். பில்லும் இருக்காது, மாற்றியும் தர மாட்டார்கள். போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகைக்கு மட்டும் பிளாட்பாரத்தில் வாங்குங்கள். அதற்கு மேல் போகிற எதையும், போனாக இருந்தாலும் நகையாக இருந்தாலும் சால்வையாக இருந்தாலும், பில் போடும் கடையில் வாங்குங்கள்.

பில் என்றால் எந்தத் தாளும் அல்ல. டில்லியில் "பக்கா பில்", "கச்சா பில்" என்று இரண்டு வைத்திருப்பார்கள். கச்சா பில் சின்ன மஞ்சள் அல்லது வெள்ளைத் துண்டு. மேலே "எஸ்டிமேட்" என்று அச்சடித்திருக்கும், அல்லது கடைப் பெயரே இருக்காது. பேனாவால் ஒரு தொகையும் ஒரு கிறுக்கலும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு யாரிடமும் எதுவும் கேட்பது கடினம். பக்கா பில்லில் கடையின் பெயர், முழு முகவரி, வரிசை எண், தேதி, 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கும். டில்லியில் பதிவான கடையென்றால் அந்த எண் 07 என்று தொடங்கும். நம் ஊர்க் கடைகளில் 33 என்று பார்த்திருப்பீர்கள். சந்தேகமிருந்தால் அங்கேயே நின்று ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள்; யார் பெயரில் பதிவு என்று வந்துவிடும்.

அடுத்தது, கிட்டத்தட்ட எல்லோரும் கோட்டை விடும் இடம். பில்லில் பொருளின் விவரத்தை எழுதச் சொல்லுங்கள். "சால்வை 1" என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். வாயால் சொன்னதைத்தான் எழுதச் சொல்கிறோம்: "முழுதும் பஷ்மினா, கைத்தறி". எழுத மறுத்தால் சால்வையை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டுவதெல்லாம் ஒரு சோதனையே இல்லை. மெல்லிய செயற்கை நூல் துணியும் நுழையும். ஷாதூஷ் என்று ரகசியமாக எடுத்துக் காட்டினால் தொடவே தொடாதீர்கள். அது சிரு என்ற திபெத்திய மானின் ரோமம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குபவரும் மாட்டிக்கொள்வார்.

தங்கமென்றால் ஹால்மார்க் முத்திரை, தூய்மை எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க எச்.யு.ஐ.டி. மூன்றும் நகையில் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த ஆறிலக்கத்தைப் போட்டால் விவரம் வரும். கடையை விட்டு வருமுன் போட்டுப் பாருங்கள். பழைய போன் வாங்குபவர்கள் *#06# அழுத்தி வரும் ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். திருட்டுப் போன் என்று தெரிந்தே வாங்கினால் அது குற்ற வழக்கு. தெரியாமல் வாங்கினாலும் போன் கையைவிட்டுப் போகும், காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லி நிற்க வேண்டி வரும்.

பணத்தை கியூ.ஆர். கோடில் போடும்போது பின் நம்பரை அழுத்துமுன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். கடைப் பெயருக்குப் பதில் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தால், அந்தப் பணம் கடைக் கணக்கில் ஏறவில்லை என்று கடைக்காரர் கைகழுவ இடம் கொடுக்கிறீர்கள். பார்சலில் அனுப்பச் சொல்கிறவர்கள் கம்பளத்தின் பின்புற ஓரத்தில் கையெழுத்திட்டு, அதையும் கடையின் பெயர்ப்பலகையையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கண்டு வாயடைத்துப் போகிறவர்கள் ஏராளம். நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவதற்குச் சட்டம் துணை வராது. ஆனால் பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று பிரிவு 2(47) சொல்கிறது. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள் திரும்பப் பெற வேண்டும். பில் தராமல் விற்பதும் அதே பிரிவில் வருகிறது.

இனி, ஏமாந்துவிட்டால் என்ன செய்வது. பொருளை மேற்கொண்டு துவைக்காதீர்கள், தைக்காதீர்கள், உள்ளூர்க் கடையில் கொடுத்துப் பிரித்துப் பார்க்காதீர்கள். ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்ப நேரலாம்; வாங்கியபடியே இருக்கட்டும்.

பிறகு 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, தமிழிலும் பேசலாம். புகார் எண் தருவார்கள், குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் கடைக்காரரிடம் பேசிச் சமரசம் செய்ய முயல்வார்கள், அவ்வளவுதான். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. 1915இல் சொன்னதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்து மாதக்கணக்கை ஓட்டிவிடுகிறார்கள். அது வழக்கு அல்ல, வழக்குக்கு முந்தைய படி. 1930 என்ற எண்ணோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது இணையவழிப் பண மோசடிக்கு. போலி லிங்கில் பணம் போனால் உடனே அங்கே. சால்வை கிழிந்தால் இங்கே.

சமரசம் பலிக்கவில்லையென்றால் கடைக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும்: என்ன வாங்கினேன், எந்தத் தேதியில், எவ்வளவுக்கு, என்ன பழுது, 15 நாளில் பணம் வேண்டும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதையும் சேர்ந்ததற்கான பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் பதில் இல்லையா? உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நேரிலும் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் கட்டாயமில்லை. புகார் மனு, தேதிவாரி நிகழ்வுகள் ஒரு தாளில், பிரமாணப் பத்திரம், பில் நகல், பணம் போனதற்கான வங்கிப் பதிவு, நோட்டீஸும் தபால் சான்றும், பொருளின் படங்கள். இவற்றோடு உங்கள் முகவரிச் சான்றைக் கட்டாயம் சேருங்கள். திண்டுக்கல்லில் குடியிருக்கிறேன் என்பதால்தான் இங்கே வழக்கு. அதை நிரூபிக்கும் தாளையே விட்டுவிட்டு மனு திரும்பி வந்தது என்று சலிப்பதில் பயனில்லை. மனுவிலேயே பிரிவு 34(2)-ஐக் குறிப்பிட்டு, எந்த அடிப்படையில் இந்த ஆணையத்துக்கு வருகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். கவுன்ட்டரில் "வாங்கின ஊர்ல போய்க் குடுங்க" என்று எவரேனும் சொன்னால் அந்த வரியைக் காட்டுங்கள். அப்படியும் வாங்க மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், அல்லது இணையத்தில் பதிந்துவிடுங்கள்.

எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட இழுக்கும். உறுப்பினர் பதவிகளை உரிய காலத்தில் நிரப்பாத அரசுகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. அதற்காக மனு போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு. அது தாண்டினால், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி ஆணையத்தை ஏற்கவைக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. தெர்மல் தாளில் அச்சான பில் அதற்குள் மங்கி வெள்ளையாகிவிடும்; அறைக்குத் திரும்பிய அன்றிரவே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.