மனை புகும் இரேடன்

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள இலிமெரிக் அணுமின் நிலையத்தில் 1984 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அங்குப் பணிபுரிந்த பொறியியலாளர் ஒருவரைக் கண்டதும் வாயிலிலிருந்த கதிர்காண் கருவி எச்சரிக்கை மணி ஒலித்தது. அவர் வெளியேறும்போது ஒலித்திருப்பின் காரணங் கூறுதல் எளிது; உள்ளே நுழையும்போதே ஒலித்தமைதான் வியப்பு. கதிர்த்தொழிற்பாட்டை அவர் தம் வீட்டினின்றே சுமந்து வந்தார். வீட்டை ஆராய்ந்தபோது, அதன் வளியில் இலீற்றருக்கு ஏறக்குறைய 2,700 பிக்கோகியூரி இரேடன் இருந்தமை வெளிப்பட்டது. அந்நாட்டுச் சூழற் பாதுகாப்பு நிறுவனம் பின்னர் திருத்த நடவடிக்கைக்குரிய எல்லையாகக் குறித்த அளவோ 4 பிக்கோகியூரியேயாம்.

மண்ணிலும் பாறையிலும் சிறிதளவேனும் கலந்துள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து இரேடியமாகின்றது; இரேடியத்தின் சிதைவிலே பிறப்பது இரேடன். நிறமும் மணமும் சுவையுமற்ற இவ்வாயுவைப் புலன்களால் அறிதல் இயலாது. இதன் அரைவாழ்வுக்காலம் 3.8 நாள். பாறைப் பிளவுகளினூடாக மேலேறுதற்கு அஃது போதும். திறந்த வெளியை அடைந்தாற் காற்றிற் கலந்து ஐதாகிவிடும். குளிர்நாட்டு வீடுகளின் நிலை வேறு. யன்னல்கள் அடைபட்டிருக்க, சூடேற்றிய வளி மேலெழுதலால் நிலக்கீழறையில் அமுக்கம் குறைகின்றது. அடித்தளத்து வெடிப்புகளினூடாக மண்ணிலுள்ள வாயுவை வீடே உறிஞ்சிக்கொள்கின்றது.

சுவாசித்த இரேடனிற் பெரும்பகுதி மூச்சோடு வெளியேறிவிடும். தீங்கு பயப்பவை அதன் வழித்தோன்றல்களே. பொலோனியம் முதலிய அத்திண்மங்கள் தூசியிற் படிந்து, சுவாசப்பையில் ஒட்டி, அங்கிருந்தே அல்பாத் துணிக்கைகளை வீசுகின்றன. இதனால் விளையும் சுவாசப்பைப் புற்றுநோயால் ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 21,000 பேர் இறப்பர் என அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. புகைபிடிப்போர்க்கு இவ்விடர் பன்மடங்காம்.

அப்பொறியியலாளரின் வீடு, யுரேனியம் மிகுந்த இரெடிங் புரோங் என்னும் பாறைத்தொடரின் மேல் அமைந்திருந்தது. அவ்வாறாயின் அயலவர் யாவரும் அதே இடருக்குள்ளாயினர் என எண்ணத் தோன்றும். ஆயினும் அடுத்த வீட்டில் அவ்வாயு மிகக் குறைவாகவே காணப்பட்டது. பாறைப் பிளவின் போக்கும், மண்ணின் நுண்டுளைமையும், அடித்தளத்தின் வெடிப்பும் மனைக்கு மனை வேறுபடுதலே இதற்குக் காரணம். நிலப்படம் ஐயத்தை எழுப்பலாம், முடிவு கூறமாட்டாது. ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே அளத்தல் வேண்டும்.

அளக்கும் முறை கடினமன்று. இரேடனைப் பற்றிக்கொள்ளும் கரி நிரம்பிய சிறு கலத்தை, மக்கள் வாழும் மிகத் தாழ்ந்த தளத்தில் இரண்டு முதல் ஏழு நாள் வைத்துப் பின் மூடி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவர். சோதனைக்குப் பன்னிரண்டு மணிநேரம் முன்பே யன்னல்களை அடைத்துவிடல் வேண்டும். காற்றோட்டத்திற் பெற்ற குறைந்த அளவு வீணான ஆறுதலையே தரும். இரேடன் பருவந்தோறும் மாறுவதாகலின், அல்பாத் துணிக்கைகளின் சுவடு பதியும் பிளாத்திக்குத் தகட்டை மூன்று மாதங்களுக்கு மேல் வைத்து அளத்தலே நம்பத்தக்கது. உலகச் சுகாதார நிறுவனம் 2009 இல் கனமீற்றருக்கு 100 பெக்கரல் என்பதை உசாத்துணை அளவாகப் பரிந்துரைத்தது. அஃது 4 பிக்கோகியூரியினும் குறைந்ததாகும்.

அளவு மிகுந்திருப்பின் வீட்டைக் கைவிட வேண்டுவதில்லை. தளத்தின் கீழ் ஒரு குழாயைச் செலுத்தி, விசிறியால் மண்வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேல் வெளியேற்றலாம். வெடிப்புகளை அடைத்தல் இதற்குத் துணையேயன்றித் தனித்துப் போதாது. பொறியியலாளரின் குடும்பம் வீட்டைவிட்டு நீங்கியிருந்த மாதங்களில் அங்கும் திருத்தவேலைகள் நடைபெற்றன. வாயுவின் அளவு தாழ்ந்த பின்னர் அக்குடும்பத்தினர் அவ்வீட்டுக்கே மீண்டனர்.