சி.ஏ.வா, பி.காம்.மா?

பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்த பெண்ணுக்கு அடுத்து என்ன? 'பி.காம். போதும், சி.ஏ.ன்னு சேர்த்தா கல்யாண வயசு தாண்டிடும்' என்றுதான் எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. மகளோ ஒரே பிடிவாதம். சரி, நாலு பேரிடம் விசாரித்து முடிவு செய்வோம் என்று நானே கிளம்பினேன். கேட்டறிந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

சி.ஏ.வுக்கு இரண்டு வழி. பிளஸ் டூ முடித்து ஃபவுண்டேஷன் எழுதலாம், நான்கு பேப்பர். ஒவ்வொன்றிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். இல்லையென்றால், பி.காமில் 55 சதவீதம் வாங்கினால் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேராக இன்டர்மீடியட் சேரலாம். இன்டர் பாஸானதும் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப். முன்பு 3 வருஷம். 2023-ல் 2 வருஷமாகக் குறைத்துவிட்டார்கள். மாதாமாதம் சிறு தொகையும் உண்டு. பிறகு ஃபைனல்.

தேர்வு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். தமிழ் மீடியம் பிள்ளைகள் அதற்கும் தயாராக வேண்டும். பலர் இரண்டு மூன்று தடவை எழுதித்தான் தேறுகிறார்கள். அதனால் டிகிரியையும் கூடவே முடிக்கச் சொல்லுங்கள். சி.ஏ. இழுத்தாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும்.

'பொம்பளப் பிள்ளைக்கு ஆடிட்டர் வேலை எதுக்கு?' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1933-லேயே கணக்காயர் தேர்வில் தேறி, இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் ஆனவர் நம் சென்னை ஆர். சிவபோகம்!

மகள் இப்போது பி.காம். சேர்ந்து, ஃபவுண்டேஷனுக்கும் படிக்கிறாள். வரன் கொஞ்சம் காத்திருக்கட்டும், தோழிகளே!

– ஒரு வாசகி, மதுரை