தென்னையைக் காத்த ஈயும் தொலைந்துபோன அந்துப்பூச்சியும்

பீஜித் தீவு என்றதும் பாரதியார் பாடிய கரும்புத் தோட்டங்களே நம்மவர் நினைவுக்கு வரும். அங்கு தென்னையை முன்னிட்டு நடந்த ஒரு போராட்டமோ இன்றும் விஞ்ஞானிகளிடையே விவாதப் பொருளாக உள்ளது.

நீல நிறத்தில் மினுங்கும் சிறிய அந்துப்பூச்சியான லெவுவானா, பீஜியின் மிகப் பெரிய தீவான விற்றிலெவுவையும் அதன் அயலையும் தவிர உலகில் வேறெங்கும் கண்டறியப்படாதது. அதன் புழுக்கள் தென்னோலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்றமையால் மரங்கள் தீயில் கருகியவை போலாயின. 1870களில் தொடங்கிய இந்த அழிவு 1920களில் ஏனைய தீவுகளையும் அச்சுறுத்தியபோது, கொப்பரா வர்த்தகம் மட்டுமன்றி, உணவுக்கும் பானத்துக்கும் பாய்க்கும் தென்னையையே நம்பியிருந்த கிராமங்களின் வாழ்வும் கேள்விக்குறியாயிற்று.

பூச்சியியலாளர் டோதில் தலைமையிலான குழு இதற்கான மாற்றை மலாயாவில் கண்டது. அங்கு லெவுவானாவின் உறவினமான மற்றொரு தென்னை அந்துப்பூச்சியை ஒருவகை ஒட்டுண்ணி ஈ கட்டுப்படுத்தி வந்தது. புழுவின் உடல்மீது அந்த ஈ முட்டையிடும். பொரிக்கும் குடம்பி உள்நுழைந்து புழுவைத் தின்றுவிடும். 1925இல் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஈக்கள் சில மாதங்களிலேயே லெவுவானாவை அடக்கின. 1929இன் பின்னர் அதன் மாதிரி எதுவும் சேகரிக்கப்படவில்லை.

வழக்கமாக இரை குறைந்தால் ஒட்டுண்ணியும் குறையும்; எஞ்சிய இரை தப்பிப் பிழைக்கும். எமது நாட்டில் 1970களின் தொடக்கத்தில் பரவிய தென்னை இலைச் சுரங்க வண்டைத் தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவி கட்டுப்படுத்தியது, அழித்தொழிக்கவில்லை. ஆனால் பீஜிக்குச் சென்ற ஈ வேறு பல அந்துப்பூச்சிகளின் புழுக்களிலும் வாழக்கூடியது. ஆதலால் லெவுவானா அருகியபோதும் ஈயின் தொகை குன்றவில்லை. இன்னொரு உள்ளூர் அந்துப்பூச்சியின் மறைவுக்கும் அதுவே காரணமெனக் கூறப்படுகின்றது.

இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் லெவுவானாவை அழிந்துபோன இனமாகப் பட்டியலிட்டுள்ளது. எனினும், 2003இல் வெளியான ஓர் ஆய்வு, அது பீஜியின் பூர்வீக இனமே அல்ல, மேற்கேயுள்ள ஏதோவொரு தீவிலிருந்து வந்திருக்கலாம் என வாதிட்டது. அப்படியாயின் அதன் தாயகத்தில் அது இன்னமும் உயிர்வாழக்கூடும். இவ்வாதம் கவர்ச்சியானதே, ஆயினும் அந்தத் தாயகத்தை எவரும் இதுவரை சுட்டிக்காட்டவில்லை. விற்றிலெவுவிலோ தென்னைகள் செழித்திருக்கின்றன, அந்த ஈயும் அங்கேயே இருக்கின்றது.