பூட்டைப் பற்றிய பக்கம்

மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில் 1957 முதற்கொண்டு நடந்துவந்த மிளகு முன்பேர வர்த்தகத்தில், விற்கிறவரும் வாங்குகிறவரும் முகம் பாராமலே தரகரின் வாய்ச்சொல்லை நம்பிச் சரக்கைக் கைமாற்றிய வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, இன்றைய வீட்டுத் தானியக்கத்தின் நடுவே அமர்ந்திருக்கும் ‘புரோக்கர்’ என்ற மென்பொருளின் உத்தியோகத்தை விளக்குவதில் சிரமமிராது. மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் பார்க்கும் கருவி தன் செய்தியை அதனிடம் ஒப்படைக்கிறது; அச்செய்திக்கு முன்பே சந்தா சொல்லிவைத்த மோட்டார் சுவிட்ச் அதைப் பெற்றுக்கொள்கிறது. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே சிக்கனமாகக் கண்காணிக்கும் பொருட்டு, 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவர் வகுத்த எம்.க்யூ.டி.டி. என்னும் நெறிமுறையே இவ்வாறு அடுக்களைவரை வந்திருக்கிறது.

வந்தவர் யார் என்று விசாரியாத தரகரால் நேரும் அனர்த்தம் சொற்பமன்று. 2018-இல் அவாஸ்ட் நிறுவனம் ஆராய்ந்தபோது, இணையத்தில் வெளிப்படையாகத் தென்பட்ட 49,000-க்கு மேற்பட்ட இத்தகைய சர்வர்களில் 32,000-க்கு மேற்பட்டவற்றுக்குக் கடவுச்சொல்லே இல்லை. ‘#’ என்ற ஒற்றைக் குறிக்குச் சந்தா கேட்டால் போதும். கதவு எப்போது பூட்டப்பட்டது, விளக்கு எப்போது அணைந்தது என்ற விருத்தாந்தமெல்லாம் அந்நியன் கைக்கு வந்துவிடும்.

இவ்வகைப் புரோக்கர்களில் பிரசித்தமான மொஸ்கிட்டோ, 2020 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில், தனியாக அமைக்காதவரை தான் இயங்கும் கணினிக்கு வெளியே செவிகொடுப்பதில்லை என்றும், வெளியே திறந்தாலும் பெயரறியாதவரை அனுமதிப்பதில்லை என்றும் தன் சுபாவத்தை மாற்றிக்கொண்டது நியாயமே. ஆனால் புதுப்பித்த மறுகணமே மோட்டார் நின்றுபோன வீட்டுக்காரர், காரணம் தேடிய இடத்தில் முதலில் கண்டது பெயரறியாதவரையும் அனுமதிக்கச் சொல்லும் ‘அலவ் அனானிமஸ் ட்ரூ’ என்ற ஒரே வரியை; அதைச் சேர்த்தார், மோட்டார் ஓடியது, பூட்டு கழன்றது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பிழைச்செய்தி தோன்றும் அதே பக்கத்தில் காரணத்தையும் சரியான பரிகாரத்தையும் வைக்காத வழிகாட்டிகளே பெரும்பாலும் குற்றவாளிகள்.

உதாரணமாக, மொஸ்கிட்டோவில் கடவுச்சொல்லை உண்டாக்கும் கட்டளையைப் பாருங்கள். அதிலுள்ள ‘-சி’ என்ற குறி கோப்பைப் புதிதாக ஆக்குவது. இரண்டாம் பயனரைச் சேர்க்கையிலும் அதையே பிரயோகித்தால், முதல் பயனர் சுவடின்றி அழிந்துபோவார். குறியில்லாத இரண்டாவது கட்டளையையும் முதலதன் கீழேயே அச்சிடுவதற்கு எவ்வளவு இடம் பிடிக்கும்! கருவிக்கொரு பெயர், அப்பெயருக்கு எட்டவேண்டிய செய்திகள் மட்டும் என்ற வரையறையும், ரௌட்டரில் வாசல் திறக்கலாகாது என்ற எச்சரிக்கையும் அங்கேயே இடம்பெற வேண்டும். விருந்தினருக்கும் அதே வைஃபையைக் கொடுக்கிற ஹோம்ஸ்டே வீடுகள் மட்டாஞ்சேரியில் அநேகம் உண்டாதலால், 1883 என்ற போர்ட்டின் வழியே கடவுச்சொல் சாதாரணமாக மறைப்பின்றியே போகிறது என்பதையும், ஆகையால் மறையாக்கமுள்ள 8883-ஐயோ விருந்தினருக்கென்று தனி வைஃபையையோ ஏற்படுத்திக்கொள்ளுதல் அவசியம் என்பதையும், பிற்சேர்க்கைக்குத் தள்ளிவிடாமல் முதற்பக்கத்திலேயே எழுதுவது உசிதம்.