வாய் திறவாத பிள்ளையும் வாயில்லாப் பிராணியும்



பாடசாலை எதுவாயினும் அதன் வகுப்பறையிலே கடைசி வாங்கு ஒன்று உண்டு. அந்த வாங்கிலே தாமாகவே சென்று ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு, ஆசிரியரல்லாத ஒருவர், ஊதியம் கருதாது எவ்வாறு துணைநிற்றல் கூடும் என்பதே இன்றைய எனது பேச்சின் பொருள். சித்திரமும் இசையும் நாடகமும் இத்துணைக்குக் கருவியாதலைப் பலர் அறிவர். நாயும் முயலும் ஆடும் கருவியாதல் கூடும் என்றால் சிலர் நகைப்பர். நகைத்தவர் முன்னரும் இருந்தனர். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

வாசிக்கத் தெரியாத பிள்ளை எட்டாம் வகுப்பை அடையும்போது, வாசிக்காமல் தப்பும் வித்தையிலே நன்கு தேர்ந்துவிடுகின்றான். தன் முறை நெருங்கும் வேளை பார்த்துத் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பான். புத்தகத்தை வீட்டிலே விட்டு வந்தேன் என்பான். ஒன்றும் பலிக்காவிடின் குழப்படி செய்து வெளியே நிறுத்தப்படுவான். நாற்பது பேர் கேட்க எழுத்துக் கூட்டித் தடுமாறுவதிலும் வெளியே நிற்பது அவனுக்கு மானக்குறைவு அன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன் என்ற முறையிற் கூறுகின்றேன்: குழப்படிக்காரர் என்று நாம் பெயர் சூட்டியவருட் பலர், உண்மையில் அச்சமுற்றவர்கள். 2020 ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது எழுத்துக்களோடு பழகும் பருவத்தில் இருந்த பிள்ளைகள் பலர், இழந்ததை மீட்காமலே மேல் வகுப்புகளுக்கு ஏறிவிட்டனர். ஆதலின் கடைசி வாங்கு இப்பொழுது முன்னையிலும் நீண்டிருக்கின்றது.

இப்பிள்ளைக்கு ஆசிரியர் உதவலாகாதா என்று கேட்பீர்கள். உதவுகின்றார், ஆயினும் அவர் கற்பிப்பவர் மட்டுமல்லர், புள்ளியிடுபவருங்கூட. அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளை தராசையே காண்கின்றான். புள்ளியிடாத ஒருவர் அவனுக்குத் தேவை. இளைப்பாறிய தபாலதிபராயினும், தையல் தெரிந்த ஓர் அம்மையாராயினும், பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் இளைஞராயினும், வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர் போதும். ஆனால் அவரும் பிள்ளையின் எதிரே நாற்காலியைப் போட்டமர்ந்து, “தம்பி, ஏன் படிக்கிறாயில்லை?” என்று தொடங்குவாராயின், பரிசோதகர் இன்னொருவர் வந்துவிட்டார் என்றே அவன் எண்ணுவான். இருவரும் ஒருவரையொருவர் பாராமல், சேர்ந்து பார்க்கத்தக்க ஒரு பொருள் நடுவே இருத்தல் வேண்டும். பிராணியின் பயனும் கலையின் பயனும் இங்கேதான் இருக்கின்றன.

நியூயோர்க் நகரிலே பொரிஸ் லெவின்சன் என்னும் உளவியலறிஞர் இருந்தார். எவருடனும் ஒட்டாதிருந்த ஒரு சிறுவனை அவன் பெற்றோர் ஒரு நாள் குறித்த நேரத்துக்கு முன்னரே அவரிடம் அழைத்து வந்துவிட்டனர். அவ்வேளை அறையிலே கிடந்த லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் ஓடிச்சென்று சிறுவனை நக்கிற்று. அவனோ அஞ்சாமல் அதனைத் தடவத் தொடங்கினான். அடுத்தடுத்து வந்த நாட்களில் அவன் நாயுடனேயே விளையாடினான். மெல்ல மெல்ல அவ்விளையாட்டில் வைத்தியருக்கும் இடம் கொடுத்தான். நாயைத் தமது சிகிச்சையின் துணைவர் எனக் குறிப்பிட்டு லெவின்சன் 1962 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1969 இல் ஒரு நூலும் எழுதினார். தொழிலறிஞர் சபையிலே அவர் இதனை எடுத்துரைத்தபோது, பெறும் கட்டணத்தில் நாய்க்கு எவ்வளவு பங்கு கொடுக்கிறீர் என்று கேலி செய்தவரும் உண்டு என்பர். நாய் நோயைத் தீர்த்தது என்று லெவின்சன் கூறவில்லை. அடைபட்டிருந்த கதவொன்றினூடே நாய் நுழைந்தது. அதன் பின்னே தாமும் நுழைந்தார். அவர் கண்டது அவ்வளவே.

வாசிப்பையும் பிராணியையும் சேர்த்து ஆராய்ந்தவர்களும் உளர். எரிக்கா பிறீட்மன், ஆரன் கச்சர் முதலியோர் 1983 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 9 முதல் 16 வயது வரையான 38 பிள்ளைகளின் இரத்த அழுத்தம் அளக்கப்பட்டது. பிள்ளைகள் உரத்து வாசித்தபோது அழுத்தம் உயர்ந்தது. சாதுவான ஒரு நாய் அறையில் இருந்தபோதோ, வாசிக்கும் வேளையிலும் சும்மா இருக்கும் வேளையிலும் அழுத்தம் குறைந்தே காணப்பட்டது. உரத்து வாசித்தல் உடலையே பதறச் செய்யும் செயல் என்பது இதனாற் புலனாகின்றது. இது நம் ஆசிரியர்கள் மனத்திற் கொள்ளத்தக்க செய்தியாகும்.

1999 இல் ஐக்கிய அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றியிலே, பிள்ளைகள் நாய்க்கு வாசித்துக் காட்டும் முயற்சி ஒன்று தொடங்கப்பட்டு, பின்னர் வேறு நாடுகளுக்கும் பரவிற்று. பயிற்றப்பட்ட நாயுடன் தொண்டர் ஒருவர் தரையிலே ஒரு பாயை விரித்து அமர்வார். பிள்ளை நாயின் அருகே இருந்து ஏறத்தாழ இருபது நிமிடம் வாசிப்பான். நாய் திருத்தாது, கொட்டாவி விடினும் ஏளனம் செய்யாது. பிள்ளை ஒரு சொல்லின் பொருளறியாது தயங்குவானாயின் தொண்டர் அவனைத் திருத்துவதில்லை. “இந்தச் சொல் நாய்க்கு விளங்கவில்லைப் போலும், நாம் இருவரும் அதற்கு விளக்கிச் சொல்வோமா?” என்பார். அறியாமை நாயினுடையதாகிவிடுகின்றது, பிள்ளை ஆசிரியனாகிவிடுகின்றான். இந்த ஓர் உபாயத்துக்காகவே அம்முயற்சியை நான் மெச்சுவேன்.

அவுஸ்திரேலியாவிலே வகுப்பறைகளில் நிகழ்ந்து 2013 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கினிப்பன்றி என்னும் சிறு பிராணிகள் அருகிருந்தபோது ஓட்டிசம் உள்ள பிள்ளைகள், விளையாட்டுப் பொருள்கள் இருந்தபோதிலும் மிகுதியாக மற்றவர்களோடு பேசினர், அவர்களை நோக்கினர் எனக் காட்டிற்று. இவற்றைக்கொண்டு, முயல் வளர்த்தாற் பரீட்சையிற் சித்தி கிடைக்கும் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. நாய்க்கு வாசிப்பதனால் வாசிப்புத் திறன் உயர்கின்றது என்பதற்கான சான்றுகள் இன்னும் மெலிந்தவையே. அச்சம் தணிகின்றது, வாய் திறக்கின்றது என்ற அளவிலேயே நிற்போம். வாய் திறந்த பின்னர்க் கற்பித்தல் நம் கடமை.

இனிக் கலையைப் பார்ப்போம். இரண்டாவது உலக யுத்த காலத்திலே நாஜிகள் யூதரை அடைத்து வைத்த தெரேசின் என்னும் இடத்துக்குப் பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் ஓவியர் 1942 இற் கொண்டுசெல்லப்பட்டார். கொண்டுபோக அனுமதித்த சிறு சுமையிலும் ஓவியப் பொருள்களை எடுத்துச் சென்றார் அவர். ஈராண்டளவு அங்கிருந்த பிள்ளைகளுக்கு மறைவாகச் சித்திரம் கற்பித்தார். 1944 ஒக்டோபரில் அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு மாண்டார். அவர் இரு பெட்டிகளிலே வைத்துச் சென்ற ஏறத்தாழ 4,500 சித்திரங்கள் யுத்தத்தின் பின் வெளிவந்தன. வரைந்த பிள்ளைகளுள் மிகப் பலர் உயிர் தப்பவில்லை. அவரிடம் முன்னர்ப் பயின்ற ஈடித் கிரேமர் என்பவர் அமெரிக்கா சென்று, நியூயோர்க் மாநிலத்தில் இடர்ப்பட்ட சிறுவர்களுக்கான விடுதிப் பாடசாலை ஒன்றிலே 1950 முதல் ஏழாண்டுகள் சித்திரம் கற்பித்தார். அவ்வனுபவத்தை 1958 இல் நூலாக்கினார். சித்திரத்தைப் பார்த்துப் பிள்ளைக்கு நோய்ப்பெயர் சூட்டுவதிலும், அவன் அதனை நன்றாகச் செய்து முடிக்கத் துணைநிற்பதே மேல் என்பது அவர் கொள்கை. நம்மூர்த் தொண்டர் இதனை மனத்திருத்தல் நன்று. கறுப்பு நிறத்தை மிகுதியாகப் பூசிய பிள்ளை துயரத்தில் ஆழ்ந்தவன் என்று சோதிடம் கூறுவோர் நம்மிடையே உளர். பெட்டியில் எஞ்சியிருந்தது கறுப்பு மட்டுமாகவும் இருக்கலாம்.

இவை யாவும் பிறநாட்டுச் செய்திகள் என்று எண்ணவேண்டா. 1996 இலே, யுத்தத்தின் நடுவே, மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா எனும் இடம் ஒன்று தோன்றிற்று. இயேசு சபைத் துறவியாகிய போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனடிய ஓவியராகிய போல் ஹோகனும் அதனைத் தொடக்கினர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தத்தம் கிராமங்களிலிருந்து பேருந்திலே அங்கு வந்தனர். மண்ணைப் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை கட்டினர், நடித்தனர்; செடிகளோடும் பிராணிகளோடும் பழகினர். உடனிருந்து வழிநடத்தியோர் அவ்வூர்களின் இளைஞரும் யுவதியருமே. பெரியோர் ஒருவரையொருவர் ஐயுற்று நின்ற காலத்திலே, அவர்தம் பிள்ளைகள் ஒரே களிமண்ணிற் கை வைத்தனர். அம்மாவட்டமே இன்னொரு பாடமும் தருகின்றது. அங்கே எழுத்தறியாதவர் ஒருவர் அண்ணாவியாரிடம் செவிவழியே பயின்று, வடமோடிக் கூத்திலே விடியும் வரை பாடி ஆடுதலைக் காணலாம். அத்தனை பாடலை மனத்தில் இருத்தியவரை மந்தபுத்தியர் என்று எவர் கூறுவர்? கடைசி வாங்குப் பையனுக்குக் கூத்திலே ஒரு வரவுப் பாட்டைப் பழக்கி, பின்னர் அதே பாட்டை எழுத்திலே அவன் முன் வைத்தால், அறிமுகமான முகத்தைப் பார்ப்பது போல அவன் அவ்வெழுத்துக்களைப் பார்ப்பான்.

பிராணியைத் தெரிவதிலே நம் சூழலுக்கேற்ற விவேகம் வேண்டும். நாய் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. கடிபட்டு அஞ்சியவர் உளர். நாயைத் தீண்டுதலைச் சமய காரணத்தால் தவிர்க்கும் இல்லங்களும் உள. அவற்றை மதித்தல் வேண்டும். தெருநாயை அழைத்து வருதல் கூடவே கூடாது. விசர்நாய்க்கடி நோய்க்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டு, மிருக வைத்தியர் பார்த்து, பிள்ளைகளின் சத்தத்தைப் பொறுக்கும் இயல்புடையதென்று கண்ட நாயே உகந்தது. முயல், கோழி, ஆட்டுக்குட்டி ஆகியன நமக்கு எளியவை. கிளி முதலிய காட்டுப் பறவைகளைக் கூண்டிலடைத்தல் கருணைக்கு மாறு. பிராணியும் களைப்படையும். அது விலகிச் சென்றால் விட்டுவிடவேண்டும் என்பதைப் பிள்ளைக்கு முதல் நாளே கூறிவிடல் வேண்டும். தீனிக்கும் நீருக்கும் விடுமுறையிலே யார் பொறுப்பு என்பதனை முற்கூட்டியே அதிபர் தீர்த்துவைத்தல் வேண்டும். விடுமுறையிற் பசித்துச் செத்த முயல் பிள்ளைக்குக் கற்பிக்கும் பாடத்தை நாம் கற்பிக்க விரும்போம்.

தொண்டர் பிள்ளையோடு இருக்கும் இடம் பிறர் காணக்கூடிய மாமர நிழலாகவோ திறந்த மண்டபமாகவோ இருத்தல் வேண்டும். பெற்றாரின் சம்மதமும் அதிபரின் அனுமதியும் எழுத்திலே வேண்டும். பழகிய பின்னர்ப் பிள்ளை தன் வீட்டுத் துயரை ஒரு நாள் முயலின் காதிலே கூறுவான். அது தொண்டரின் காதிலும் விழும். ஊரிலே பேசித் திரியலாகாது. அவன் துன்புறுத்தப்படுகின்றான் என அறிந்தால் மட்டும் மறைத்துவைத்தலும் ஆகாது. உடனே அதிபரிடம் கூறவேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கமும் இதற்காகவே உள்ளது.

இத்தொண்டிலே மிகக் கடினமானது யாதெனின், தொடர்ந்து வருதல். அமெரிக்காவிலே வளர்ந்தோர் சிறுவருக்குத் துணையாகும் இயக்கம் 1904 இல் ஆரம்பித்தது. அவ்வியக்கத்திற் சேர்ந்த சிறுவர்களை ஆராய்ந்து, ஜீன் கிரோஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002 இல் வெளியிட்ட முடிவு நம் சிந்தனைக்குரியது. ஓராண்டும் அதற்கு மேலும் உறவு நீடித்த பிள்ளைகளே பெரும் பயன் பெற்றனர். மூன்று மாதத்துக்குள் உறவு முறிந்த பிள்ளைகளின் தன்மதிப்போ முன்னிருந்ததிலும் தாழ்ந்தது. அதாவது, மூன்று முறை வந்து படமெடுத்துக்கொண்டு மறையும் தொண்டர் வாராதிருத்தலே நன்று. எனவே ஒருவர் முன்வரும்போது அவருடைய ஆர்வத்தை நான் கேட்கமாட்டேன். வியாழக்கிழமைகளில் அவருக்கு வேறு அலுவல் உண்டா என்றே கேட்பேன்.

ஒரு நாள் பிரியவேண்டியும் வரும். மாற்றம், திருமணம், நோய் எனக் காரணங்கள் பல. குறைந்தது மூன்று கிழமைக்கு முன்னர் பிள்ளையிடம் நேரே சொல்லிவிடல் வேண்டும். எத்தனை சந்திப்புகள் எஞ்சியுள்ளன என்பதை அவனே எண்ணிக் குறித்துவரட்டும். அடுத்து வருபவரைக் கடைசி இரு சந்திப்புகளுக்கும் உடன் அழைத்து வருதல் நன்று. முயலும் பாயும் அதே மர நிழலும் மாறாதிருக்கும். சித்திரக் கொப்பி பிள்ளைக்கே உரியது. பாடசாலைக் கண்காட்சிக்கு அதிலிருந்து ஒரு தாள் வேண்டுமாயினும் அவனிடம் கேட்டே எடுத்தல் வேண்டும். அவன் மறுத்தால் விட்டுவிடல் வேண்டும்.